கலங்கலில் ஒரு வரிசைக் கல்

சித்திரை வெயிலில் வந்து, ஏரியில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று அளந்தார்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏரியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, மாடு மேய்ந்துகொண்டிருந்தது. அந்த வெடித்த மண்ணில் ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, அதிகாரிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு விசாரணை ஆரம்பித்தது. ஐப்பசியில் வந்திருந்தால் ஒருவரையும் விசாரிக்க வேண்டியிருக்காது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள், அப்போதே தெரிந்திருக்கும். முப்பது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வீட்டுக்காரருக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. எங்களுக்குப் பூர்வீகம் தென்காசிப் பக்கம். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் மட்டும் சேலம், தஞ்சாவூர், ராமநாதபுரம் என்று எல்லா ஜில்லாவும் இருந்தது. அத்தனை பேருக்கும் ஒரே கவலை, ரிட்டயர் ஆனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் எண்பதுகளின் நடுவில் எல்லாருக்கும் மனைப் பைத்தியம் பிடித்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் குடும்பத்தோடு கிளம்பிப் போய் மனை பார்ப்பார்கள். அதாவது மே மாதத்தில். மே மாதத்தில் எந்த நிலம்தான் நன்றாக இருக்காது?

நெமிலிச்சேரிப் பக்கம் ஒரு ஏரியை ஒட்டிய மனையை புரோக்கர் எங்களுக்குக் காட்டினான். ஜன்னலைத் திறந்தால் ஏரிக் காற்று வரும், ஃபேனே வேண்டாம் என்றான். தொழிற்சாலையில் என் வீட்டுக்காரருக்கு சரிபார்க்கும் வேலை. ஒரு நூல் அளவு பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடும் ஆள். அந்த மனுஷன் மனையின் நடுவில் நின்று கிழக்கு எது என்று மட்டும் கேட்டார். மேடா பள்ளமா என்று கேட்கவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்?

அவரைச் சொல்லி என்ன? நான் குளத்துக்குக் கீழே பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊரில் ஏரியைக் குளம் என்போம். அது நிரம்பி வழிகிற இடம் மறுகால். மறுகால் மட்டத்துக்குக் கீழே இருக்கிற மண்ணெல்லாம் தண்ணீரின் சொத்து என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது. சொந்த வீடு என்றதும் புத்தி எங்கே போய் ஒளிந்துகொண்டதோ!

எங்களுக்குப் பால் ஊற்றியவள் அந்த ஏரிக்கரைக் கிராமத்துக்காரி. குவார்ட்டர்ஸ் நாளிலிருந்து பழக்கம், என் வயதுதான் இருக்கும். நான்கு எருமை, கொஞ்சம் நஞ்சை, பஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் மகன் என்று அவள் குடும்பம். மதகு திறந்து மூடுவது அவள் புருஷனின் பொறுப்பு. நாங்கள் அஸ்திவாரம் தோண்டிய அன்று பால்கேனோடு வந்து நின்றாள்.

“இன்னாம்மா, இங்கியா ஊடு கட்டப் போறீங்கோ? இது தண்ணி நிக்கிற எடம்மா” என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பூமி பூஜை போட்டிருக்கிற நேரத்தில் வந்து அபசகுனமாகப் பேசுகிறாளே என்று. வயிற்றெரிச்சல் என்றுகூட அவரிடம் சொன்னேன். நான் சொன்னதுதான், மறைக்கவில்லை.

முதல் வருஷ மழையில் தண்ணீர் கொல்லைச் சுவரைத் தொட்டது. இரண்டாம் வருஷம் மழை குறைவு, தப்பித்தோம். மூன்றாம் வருஷம் ஐப்பசி கடைசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. அடுப்பங்கரைக்குள் கணுக்கால் தண்ணீர் வந்தது, அதில் ஒரு நண்டு வேறு. அரிசி டின்னைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு நான் வாய்விட்டு அழுதேன். எங்களைப் போல இருபது வீடு அந்த வரிசையில் கட்டியிருந்தார்கள். அன்றைக்கே வீட்டுக்காரர்கள் சங்கம் கூடியது.

அந்த ஏரிக்கு ஒரு ஓரத்தில் கருங்கல்லில் கட்டிய கலங்கல் இருக்கிறது. எங்கள் ஊரில் மறுகால் என்கிறோமே, அதுதான். ஏரி நிரம்பினால் மிச்சம் அதன் மேல் வழிந்து ஓடிவிடும். அதில் மேல் வரிசைக் கல்லைப் பெயர்த்தால் ஏரி ஒரு அடி இறங்கும், நம் வீடெல்லாம் தப்பிக்கும் என்று சங்கத்துச் செயலாளர் சொன்னார். கடப்பாரையோடு போனவர்களைக் கிராமத்து ஆட்கள் கலங்கலில் மறித்துக்கொண்டார்கள். காரணம் இருந்தது. ஏரிக்கரையில் இரண்டு மதகு. கீழ்மதகு தாழ்வானது, எப்படியும் பாயும். மேல்மதகு உயரத்தில் இருக்கிறது, ஏரி முழுசாக நிரம்பினால்தான் அதற்குத் தண்ணீர் எட்டும். மேல்மதகை நம்பித்தான் பால்காரியின் நிலமும் இன்னும் ஏழெட்டுக் குடும்பத்து நிலமும் இருந்தது. தை, மாசியில் நவரைப் பட்டத்துக்கு அந்தத் தண்ணீர்தான்.

பேச்சு அடிதடிக்குப் போகும் என்று தெரிந்ததும் என்னை அனுப்பினார்கள். பால்காரி உங்களுக்குப் பழக்கம்தானே, நீங்கள் போய்க் கேளுங்கள் என்று செயலாளர் பல்லை இளித்தார். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு வரிசை போதும், மழை விட்டதும் கல்லைத் திரும்ப வைத்துப் பூசிக் கொடுத்துவிடுவோம், அடுத்த ஆடிக்குள் கலங்கல் பழையபடி இருக்கும் என்று சொன்னேன். அவள் புருஷன் நம்பவில்லை. சங்கத்து ஆட்கள் வந்து கலங்கல் மேல் கற்பூரம் அடித்து சத்தியம் செய்யட்டும் என்றார்.

“கற்பூரம்லாம் வாணாய்யா. இந்தம்மா சொல்லுதுல்ல, அது போதும்” என்றாள் அவள்.

அவளே கலங்கலுக்கு என்னோடு வந்து ஊர்க்காரர்களைச் சமாதானப்படுத்தினாள். மத்தியானத்துக்குள் மேல் வரிசைக் கல் முழுவதும் பெயர்ந்து கரையோரமாகக் குவிந்தது. சாயங்காலம் என் அடுப்பங்கரையில் சேறுதான் இருந்தது, தண்ணீர் இல்லை. எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. விழவில்லை. ஒரு படி பால் கூடுதலாக வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான் என் நன்றி.

மழை விட்டது. மார்கழி போனது, பொங்கல் போனது. கல் குவிந்த இடத்திலேயே கிடந்தது. நான் செயலாளர் வீட்டுக்கு நடையாய் நடந்தேன். கொத்தனார் கிடைக்கவில்லை என்றார், அப்புறம் சிமெண்டு கிடைக்கவில்லை என்றார். கடைசியில் ஒரு நாள், “ஏம்மா, கல்லைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த மழைக்கு உங்கள் அடுப்பை எங்கே வைப்பீர்கள்?” என்று சிரித்தார். மனசாட்சி என்று ஒன்று அந்த ஆளுக்கு இருந்தால்தானே! அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் திரும்பி வந்தேன். அதுதான் இன்னும் குத்துகிறது. வழியெல்லாம் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வந்தேன், ஆனால் பதில் சொல்லவில்லை.

ஆடிக்குள் அந்தக் குவியலும் காணாமல் போயிற்று. யார் வீட்டு அஸ்திவாரத்துக்குள் போனதோ.

அடுத்த மழைக்கு ஏரி நிரம்பியது, அதாவது குறைந்த மட்டத்துக்கு நிரம்பியது. மேல்மதகைப் பத்து நாள் எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் இறங்கிப் போனது. நவரை நாற்று பாதியில் கருகியது. பால்காரி தினமும் வந்தாள், பால் ஊற்றினாள், போனாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

கிராமத்தில் மனு போட்டார்கள். ஏரிக்குள் வீடு கட்டிவிட்டார்கள், கலங்கலை உடைத்துவிட்டார்கள் என்று. எங்கள் சங்கமும் மனு போட்டது, எங்கள் வீடெல்லாம் ஏரிக்கு வெளியே இருக்கிறது என்று. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அந்தச் சித்திரை மாசத்து விசாரணை.

சர்வேயர் மூன்று கால் மேல் ஒரு கண்ணாடியை நிறுத்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அளவுகோலைக் கலங்கல் மேல் நிறுத்தினார்கள். அப்புறம் எங்கள் வாசல்படியில் நிறுத்தினார்கள். கலங்கல் எந்த உயரமோ அதுதான் ஏரியின் முழு மட்டம், அதற்கு மேலே இருக்கிற மனை ஏரியில் சேராது என்று அதிகாரி விளக்கினார். எங்கள் வாசல்படி கலங்கலைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. பின்னே இருக்காதா? ஒரு அடி கல்லைத் தூக்கிவிட்டல்லவா அளக்கிறார்கள்!

ஊர்க்காரர்கள் கத்தினார்கள். மேல் வரிசை இருந்தது, இவர்கள்தான் எடுத்தார்கள் என்று. அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். கலங்கலின் பழைய உயரம் எழுதியிருக்கும் பதிவேடு கைக்குக் கிடைக்கவில்லை என்றார். கிடைக்காது, இந்த மாதிரி நேரத்தில் அது எப்போது கிடைத்திருக்கிறது? வீட்டுக்காரர்கள் தரப்பில் யாராவது ஒருவர், கல்லை எடுத்ததைப் பார்த்தேன் என்று சொன்னால் எழுதிக்கொள்கிறேன், கலங்கலைப் பழைய உயரத்துக்குக் கட்டச் சொல்லிப் பரிந்துரை செய்கிறேன் என்றார்.

இருபது வீட்டு ஆட்களும் ஷாமியானாவின் ஓட்டையை எண்ணிக்கொண்டிருந்தோம்.

பால்காரி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். என்னைக் கை காட்டினாள்.

“அந்தம்மாவக் கேளுங்க சார். அதுதான் என்னாண்ட வந்து கேட்டுச்சு. அது பொய் பேசாது.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் தொண்டையைச் செருமினார். ஒரு நூல் பிசகைப் பொறுக்காத என் வீட்டுக்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய உயரத்துக்குக் கட்டினால் எங்கள் வீடு ஏரிக்குள் வந்துவிடும். அவர் ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாதம் இருந்தது, குவார்ட்டர்ஸை ஏற்கெனவே ஒப்படைத்துவிட்டோம். இதெல்லாம் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஓடியது என்று சொன்னால் நியாயம் கற்பிக்கிறேன் என்று ஆகும். ஓடியது, அவ்வளவுதான்.

“எனக்குத் தெரியாது சார். நான் வீட்டுக்குள்ள இருந்தேன்” என்றேன்.

அவள் புருஷன் துண்டை உதறிக்கொண்டு என் மேல் பாய வந்தார். பாயட்டும் என்று நின்றேன். அவள்தான் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“உடுய்யா. அதுக்குக் கீறது ஒரே ஊடு. அது இன்னா பண்ணும்?”

அவ்வளவு பேர் முன்னால் நான் பொய் சொன்னதையும் சொல்லி, ஏன் சொன்னேன் என்பதையும் சொல்லி, அதை மன்னித்தும் விட்டாள். அதிகாரி காதில் அது விழாமல் இல்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து நான் சொன்ன வாக்கியத்தை எழுதிக்கொண்டார். அவள் சொன்னதை எழுதவில்லை. அந்த ஆளை இன்றைக்குக் கண்டாலும் சட்டையைப் பிடித்துக் கேட்பேன். என்ன கேட்பேன்? பொய் சொன்னவள் நான், எழுதியவரைக் கேட்பேனாம்!

கல் பெயர்த்த கலங்கல்தான் ஏரியின் மட்டம் என்று உத்தரவு வந்தது. சங்கத்தில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். செயலாளர் என் கையில் இரண்டு வைத்தார். அவர் கண் முன்னாலேயே அதைச் சாக்கடையில் போட்டேன். பெரிய வீராங்கனை! ஷாமியானாவில் இல்லாத வீரம் லட்டு மேல் வந்தது.

அதற்கப்புறம் இரண்டு நவரை போயிற்று. இரண்டும் சாவி, கதிரில் மணியே இல்லை. பால்காரி ஒரு நாள்கூட பாலை நிறுத்தவில்லை. ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவுமில்லை. ஒரு காலை பாலை ஊற்றிவிட்டு, போகாமல் நின்றாள்.

“மேல்மதகாண்ட கீற நெலத்த மனை போட்டுக் குடுத்துடலாம்னு கீறோம்மா. குவார்ட்டர்ஸ்ல வாங்குற ஆளு யாருனா இருந்தா சொல்லு. புரோக்கர் கைல மாட்ட வாணாம்னு பாக்கறேன்” என்றாள்.

இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது அவள் மேலேயே கொட்டியது. அவள் என்ன பாவம் செய்தாள்?

“என்னை ஏன் ஏச மாட்டேங்கே? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி ஒரு வார்த்தை கேளேன்! உன் நிலத்தை அழிச்சவ நான்தானே?” என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அவள் பால்கேனை இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டாள்.

“திட்னா மேல்மதகுக்குத் தண்ணி ஏறுமாம்மா? ஆளு கீதா இல்லியா, அத சொல்லு.”

இருக்கிறது என்றேன். என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த ஒருவர் அப்போதுதான் மனை தேடிக்கொண்டிருந்தார். வந்த ஞாயிற்றுக்கிழமை அவரையும் அவர் மனைவியையும் நானே கூட்டிக்கொண்டு போய் அந்த நிலத்தைக் காட்டினேன்.