அக்காவின் முதுகில் போட்ட கோடு

படர்தாமரைக்குக் களிம்பு போடத் தெரியாத ஒருவரையும் நான் இன்றுவரை சந்தித்ததில்லை. எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அது இன்னும் ஊரில் இருக்கிறது.

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக முப்பத்து நான்கு வருடம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஓய்வு பெற்ற பிறகும் ஜன்னல் என்னை விடவில்லை. கொடைக்கானல் கடைத்தெருவில் காய் வாங்க நின்றால் யாராவது ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக் காட்டுகிறார்கள். சிலர் செல்போனில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். கழுவித் துடைத்து, ஈரம் முழுவதும் போன பிறகு, மெல்லிசாக, படையின் விளிம்புக்கு வெளியே ஒரு விரல் அகலம் வரை சேர்த்துப் போடுங்கள், கண்ணுக்கு மறைந்த பிறகும் சொன்ன நாள்வரை விடாதீர்கள் என்று சொல்வேன். "அதெல்லாம் தெரியுங்க டீச்சர்" என்பார்கள். கண்ணாடி போட்டு, சேலையை மடிப்புக் குலையாமல் கட்டினால் எங்கள் ஊரில் டீச்சர்தான்.

எனக்கும் பத்து வயதிலேயே எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன்.

கொடைக்கானலுக்குப் பக்கத்தில், பள்ளங்கியில் எங்களுக்குச் சரிவில் தட்டுத்தட்டாக இறங்கும் ஒரு பூண்டுத் தோட்டம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் அக்காவும் அதில் பாடுபட்டார்கள். நான் மேற்பார்வை பார்த்தேன். அக்காவுக்குப் பதினெட்டு வயது. மலைக்குக் கீழே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நான்கு வாரத்தில் உடல் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. கோயில் ஃபாதர் அதை அப்பாவுக்கு வாசித்துச் சொன்னார். தொற்றும் தோல் நோய் இருந்தால் சேர்க்க இயலாது என்ற வரியை அவர் வாசித்தபோது அக்காவின் கை தானாக முதுகுக்குப் போனதை நான் பார்த்தேன்.

இந்த வருஷம் இடம் கிடைத்தால் போகலாம், இல்லாவிட்டால் பெண் கேட்டிருக்கும் போளூர்க்காரருக்குச் சரி சொல்லிவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். போளூர்க்காரருக்கு உருளைக்கிழங்குத் தோட்டமும் இரண்டு கோவேறு கழுதைகளும் இருந்தன. அக்காவிடம் அவரைப் பற்றி யாரும் கருத்துக் கேட்கவில்லை. அவள் முதுகில்தான் அவளுடைய கருத்து முழுக்க இருந்தது என்று சொல்லலாம். அங்கே நாலணா அகலத்துக்கு ஒரு படை, சுற்றிலும் சிவந்து மேடாக.

அது எங்கிருந்து வந்தது என்று இன்று என்னால் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியும். மூட்டம் இறங்கிய மாதங்களில் எங்கள் வீட்டில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிற்றில் போட்டு, பாதி ஈரமும் முழுப் புகையுமாக எடுத்து உடுத்திக்கொள்வோம். அதற்கு மேல் ஒரு பழுப்பு ஸ்வெட்டர். வீட்டுக்கே ஒன்றுதான். வெள்ளனே அக்கா தோட்டத்துக்குப் போட்டுப் போவாள், பிறகு நான் பள்ளிக்கூடத்துக்கு, சாயங்காலம் அம்மா மாட்டுக்குப் புல் அறுக்க. வருஷத்துக்கு ஒருமுறை ஏப்ரல் வெயிலில்தான் அதைத் துவைப்பது. மற்ற மாதங்களில் துவைத்தால் காயாது என்பது காரணம். கம்பளியில் அழுக்கு ஒட்டாது என்பது விளக்கம்.

கடிதம் வந்த மறுநாளே அக்கா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மிஷன் மருந்தகத்துக்குப் போனாள். அங்கிருந்த நர்ஸ் சிஸ்டர் கன்னியாஸ்திரி. அதிகம் பேசாதவர். தகர டப்பாவில் ஒரு வெள்ளைக் களிம்பைக் கொடுத்து, நான் மேலே சொன்ன அத்தனையையும் சொன்னார். காலையும் மாலையும். நான்கு வாரம். நடுவில் மறைந்துவிட்டாலும் நான்கு வாரம். தனித் துண்டு. துணியைக் கொதிநீரில் போடு. போட்ட கையைச் சோப்பால் கழுவு.

அக்காவுக்குத் தன் முதுகு தெரியாதே, வீட்டில் இருப்பது உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதனால் சிஸ்டர், ஈரம் பட்டால் மையாகிற காப்பியிங் பென்சிலை ஈரப் பஞ்சில் தொட்டு, படையைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு கோடு போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "தினமும் நீ பாக்கணும். கோட்டத் தாண்டுச்சுன்னா அன்னைக்கே கூட்டிக்கிட்டு வரணும். மங்கிட்டா திரும்பப் போட்டுக்கோ." பென்சில் துண்டையும் என்னிடமே கொடுத்தார்.

என் வாழ்க்கையில் நான் ஏற்ற முதல் பொறுப்பு அதுதான். அதை நான் எவ்வளவு ஒழுங்காகச் செய்தேன் என்பதில்தான் சங்கடமே.

களிம்பு எரிந்தது. பூசிய பத்து நிமிடம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படியில் நடப்பாள். ஐந்தாவது நாள் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறிக் கமிஷன் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அங்கே வந்துபோகும் லாரி டிரைவர்களிடமிருந்து உலகத்தின் எல்லாச் சிக்கலுக்கும் அவரிடம் தீர்வு வந்து சேர்ந்திருந்தது. டப்பாவை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டியூபை எடுத்தார்.

"வெள்ளக்காரன் காலத்துக் களிம்பெல்லாம் எதுக்குங்கக்கா? இது நாலே நாளு. நம்ம டிரைவரு ஒருத்தருக்குத் தொடையிடுக்குல கெடந்ததே போயிருச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். டிரைவருக்குத் திரும்பி வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. லாரி அதற்குள் வேறு ஊருக்குப் போயிருக்கும்.

டியூப் எரியவில்லை. முதல் நாளே அரிப்பு நின்றது. நான்காம் நாள் சிவப்பும் போனது. அம்மா சாமிப் படத்துக்கு முன் மெழுகுவத்தி ஏற்றினாள். தகர டப்பா பரணுக்குப் போனது.

அந்த டியூபில் இருந்தது ஸ்டீராய்டு. பூஞ்சையை அது ஒன்றும் செய்யாது. தோலுக்குக் காவல் நிற்கிறவனைத் தூங்க வைக்கும். கூச்சல் நின்றுவிடும். திருடன் உள்ளே சாவகாசமாகப் பெட்டியைத் திறந்துகொண்டிருப்பான். இன்றும் அதே சரக்கு மூன்று நான்கு மருந்துகளோடு கலந்து பளபளப்பான டியூபில் வருகிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறார்கள். மாமாவுக்கு மரணமில்லை என்பது என் அனுபவம்.

நான் மட்டும் கடமையை விடவில்லை. தினமும் காலையில் அக்கா எனக்கு முதுகைக் காட்டி அமர்வாள். நேற்றைய கோடு பாதி அழிந்திருக்கும். பென்சிலை நாக்கில் தொட்டு, படையின் விளிம்பை ஒட்டி அழகாகச் சுற்றிப் போடுவேன். அவள் முதுகுக்கும் என் நாக்குக்கும் ஒரே பென்சில் போய்வந்ததை, படித்துப் பட்டம் வாங்கியவளாக இன்று எழுதுவதற்குக் கூசுகிறது. சிவப்பு போன பிறகும், உற்றுப் பார்த்தால், மங்கலாகச் சொரசொரவென்று ஒரு வளையம் தெரியும். என் கண் கூர்மை. விளிம்பு எங்கே இருக்கிறதோ அங்கேயே கோடு போட்டேன். போட்டுவிட்டுப் பார்ப்பேன்.

"கோட்டுக்குள்ள இருக்கா?" என்பாள் அக்கா.

"உள்ளதான்க்கா இருக்கு."

அக்கா அதை அம்மாவிடம் சொல்வாள். அம்மா அப்பாவிடம் சொல்வாள். டியூப் தீர்ந்ததும் அரிப்பு திரும்ப வந்தது. மாமா பூண்டு ஏற்ற வந்த வண்டியில் இன்னொரு டியூப் கொடுத்தனுப்பினார். நான் கோடு போட்டேன். கோட்டுக்குள்தான் இருந்தது. ஒருநாள்கூட வெளியே வரவில்லை. பின்னாளில் அரசாங்க அலுவலகங்களில் இந்த முறையில் தயாரான அறிக்கைகள் பலவற்றில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நாக்கில் பென்சில் கசந்தது.

பரிசோதனைக்கு அம்மாவும் அக்காவும் பஸ் ஏறியபோது நானும் அடம்பிடித்து ஏறினேன். பொறுப்பாளர் இல்லாமல் எப்படிப் போவது? எடை, உயரம், பல், கண் எல்லாம் முடிந்து, லேடி டாக்டர் அக்காவைத் திரும்பச் சொல்லி ஜாக்கெட்டைத் தூக்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

தோள்பட்டையிலிருந்து இடுப்பு மடிப்புவரை படர்ந்திருந்தது. அதைச் சுற்றி ஊதாக் கோடு. அதற்குள்ளே கொஞ்சம் மங்கலாக இன்னொரு கோடு, அதற்குள் இன்னொன்று, நடுவில் நாலணா அகலத்தில் சிஸ்டர் போட்ட முதல் கோட்டின் சாயல். வெட்டிய மரத்தில் வருஷம் எண்ணுகிற மாதிரி டாக்டர் விரலை வைத்து எண்ணினார்.

"யாரும்மா இதப் போட்டது?"

நான் முன்னே வந்து முழு முறையையும் விளக்கினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"படை கோட்டுக்குள்ள நிக்கல பாப்பா. நீதான் கோட்டத் தூக்கிக்கிட்டு அது பின்னாடியே ஓடியிருக்க."

பிறகு என் ஸ்வெட்டர் கையை மேலே தள்ளச் சொன்னார். முழங்கைக்குக் கீழே எனக்கும் ஒன்று இருந்தது. அதற்குக் கோடு போட எனக்கு யாரும் சொல்லவில்லை. என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டதும் அம்மா பெருமையோடு பையிலிருந்து டியூபை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதன் பொடி எழுத்தை வாசித்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார்.

தகுதி இல்லை என்று எழுதப் பேனாவை எடுத்தார். அக்கா ஜாக்கெட்டை இறக்காமல், சுவரைப் பார்த்தபடியே நின்றாள். அழவில்லை. "சிஸ்டர் குடுத்த களிம்பு வீட்லதான் இருக்குங்க டாக்டர். தப்பு அதுமேல இல்லைங்க" என்றாள். அந்த நேரத்தில் களிம்புக்காக ஏன் வாதாடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. டாக்டர் தகுதி இல்லை என்பதை எழுதவில்லை. ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கவும் என்று எழுதினார். அன்று சுத்தமாக இருந்தால் தாமதமாக வகுப்பில் உட்காரலாம். இல்லையென்றால் அடுத்த வருஷம். எங்கள் வீட்டில் அடுத்த வருஷம் என்றால் போளூர்.

பரணிலிருந்து டப்பா இறங்கியது. சிஸ்டரிடம் போய் இன்னும் இரண்டு டப்பா வாங்கினோம். அவர் அக்காவின் முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கைக்கும் அதே களிம்பு. எரிந்தது. துணியெல்லாம் அண்டாவில் கொதித்தது, ஸ்வெட்டரும் சேர்த்து. வெளியே எடுத்தபோது அது சுருங்கி எனக்கு மட்டும் பொருந்துகிற அளவுக்கு வந்திருந்தது. கோட்டை டாக்டரே ஒரு தடவை போட்டு அனுப்பியிருந்தார். மங்கினால் மங்கட்டும், தொடக் கூடாது என்று உத்தரவு. பென்சிலை அம்மா பிடுங்கிக்கொண்டாள். நாலாவது வாரம் படை மறைந்ததும், போதும்டி, உனக்கும் சோலி கெடக்கு, எனக்கும் சோலி கெடக்கு என்று அம்மா டப்பாவை மூடப் போனாள். அக்கா அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் முதுகைக் காட்டி அமர்ந்தாள். ஆறு வாரமும் போட்டோம். அக்கா நர்ஸாகி, தலைமை நர்ஸாகி, ஓய்வும் பெற்றுவிட்டாள். போளூர்க்காரர் நல்ல இடத்தில் பெண் எடுத்தார் என்று கேள்வி.

ஆனால் நான் மறக்காதது அந்தப் பரிசோதனை நாளில் மலை ஏறிய பஸ். அம்மா வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஜன்னல் ஓரத்தில் இருந்த அக்கா ஒரே ஒரு தடவை திரும்பினாள்.

"அவளத் திட்டாதீங்கம்மா. உள்ள இருக்கான்னுதான நான் கேட்டேன். பெருசாயிருக்கான்னு கேக்கவே இல்லையே."

அக்கா நியாயஸ்தி, என்னைக் குற்றமில்லாதவள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் கடலை தின்றேன்.

முதல் நாள் அந்தப் பென்சில் அவள் முதுகில் ஒரு மூச்சு விடுவதற்குள் சுற்றி வந்தது. கடைசி வாரத்தில் மூன்று தடவை நாக்கில் தொட்டால்தான் கோடு முடியும். சில்லென்ற முனை தோளில் தொடங்கி இடுப்புவரை ஊர்ந்து இறங்கி மறுபக்கம் ஏறி வரும். இன்று ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. தலையைக் குனிந்து, ஜாக்கெட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை அசையாமல் இருப்பாள். நான் அவ்வளவு நன்றாக வரைகிறேன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.