மாதா கோயிலும் மல்லாட்டைக் கொல்லையும்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பத் தெரியாது. ஆறுகள் எப்படித் தடம் மாறுகின்றன என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராயும் வேலைக்கு வந்தபிறகு அந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது.

திண்டிவனத்தில் வாடகை அறையில் உட்கார்ந்து, தென்பெண்ணையின் பழைய வரைபடத்தை இன்றைய படத்தின் மேல் பொருத்தினேன். இரண்டிலும் உள்ள ஏதாவது கட்டடத்தைப் பிடித்துக்கொண்டால்தான் அது ஆகும். முகையூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் மாதா கோயிலைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை. அதைப் பிடித்தேன். கரையோரத்தில் வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை ஒன்று பழைய ஆற்றுக்குள் போய் விழுந்தது. எவனோ ஆற்றையே வளைத்துப் போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். என் அறிக்கை போனால் அது புறம்போக்காகிவிடும்.

நேரில் போனபோது கொல்லைக்காரர் என் பின்னாலேயே வந்தார்.

"யாருங்க நீங்க? நெலம் எடுக்க வந்திருக்கீங்களா?"

"சும்மா படம் எடுக்கறேங்க" என்று பொய் சொன்னேன்.

அவித்த மல்லாட்டை கொடுத்தார். மடியில் கனம் இருப்பதால்தான் இந்த உபசாரம் என்று தொடவில்லை. எல்லைக் கல் அப்பா காலத்தது என்றார். கல்லுக்கு ராத்திரியில் கால் முளைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலில் நண்பகல் மணி அடித்தது. அவர் தலைத்துண்டை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டார். மேட்டில் தெரிந்த கோயிலுக்கு முதுகைக் காட்டி, ஆற்றோரத்து வேப்பமரத்தைப் பார்த்து.

"கோயில் அந்தாண்ட இல்ல இருக்கு?" என்றேன்.

"அது புதுசுங்க. வெள்ளத்துல பழசு வெடிப்பு உட்டுப்போச்சு, மேட்டுல கட்டிக்கினாங்க. பழைய கோயில் அந்த மரத்தாண்டதான். எங்கம்மாவ அங்கதான் பொதைச்சோம்."

பழைய வரைபடத்தில் இருந்தது பழைய கோயில். நான் அதைக் கொண்டுபோய்ப் புதுக் கோயிலின் மேல் உட்கார வைத்திருந்தேன். வரப்பில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, கோயிலை மரத்தடிக்கு இறக்கினேன். அதோடு பழைய ஆறும் இறங்கி இன்றைய ஆற்றின் மேலேயே படுத்துக்கொண்டது. ஆறு அங்கே நகரவே இல்லை.

"உங்க நெலம் கரையிலதாங்க இருக்கு" என்றேன்.

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காலையில எங்க இருந்துச்சு?"

வெட்கமாக இருந்தது. "ஆத்துக்குள்ள" என்றேன்.

எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்து மடியில் செருகினார். பிறகு அந்த எல்லைக் கல்லின் மேல் உட்கார்ந்து, என் பைக் ரோடு ஏறும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.