தண்ணீர்த் தட்டில் வைத்த எறும்புப் பாட்டில்

பச்சைப் பிள்ளையின் பால் வாசம் வந்தாலே என் கண் எறும்பைத் தேடும். தொண்ணூறுகளில், திண்டுக்கல் வீட்டில், பாட்டிலில் மண் நிரப்பி எறும்பு வளர்த்தேன். சுறுசுறுப்பில் மயங்கி, கடிக்கிற செவ்வெறும்பையே தேர்ந்தெடுத்தேன். பலகாரத் தூக்கைப்போலத் தண்ணீர்த் தட்டில் வைத்திருந்ததால், எறும்பு தாண்டாதென்று பாட்டிலை மூடவில்லை.

ஒருநாள் எரியோடு ஊரிலிருந்து வந்த தங்கை, அருகிலேயே சேலைத் தொட்டில் கட்டிப் பிள்ளையைத் தூங்க வைத்தாள். தொட்டில் சேலையின் முந்தானை பாட்டில் வாயில் சரிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

செத்த நேரத்தில் பார்த்தால், முந்தானை வழியே சிவப்பாய் ஒரு கோடு தொட்டிலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளையை வாரி எடுத்தேன். பால் ஈரம் காயாத உதட்டருகே முதல் எறும்பு. தட்டிவிட்டேன், நல்லவேளை, கடிக்கவில்லை.

இப்போது கடிக்காத பிள்ளையார் எறும்புதான் வளர்க்கிறேன். பாட்டில் வாயில் துணி கட்டி, எதுவும் உரசாத இடத்தில் வைக்கிறேன்.

அன்று பஸ் ஏறும்போது தங்கை சொன்னாள்: “போயிட்டு வாரேண்ணே. அடுத்த தடவ தொட்டில்ல உன் எறும்பத் தூங்க வையி. எம்பிள்ள என் மடியிலயே கெடக்கட்டும்.”