நாற்பது எம்.பி.

பெரம்பலூரில் நானும் என் கணவரும் இணைய இணைப்புக் கொடுக்கும் கடை நடத்துகிறோம். அரியலூரில் ஒரு கிளை உண்டு. போன வருடம் ஒரு காலையில், லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒருவர் கோபமாக உள்ளே வந்தார். துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்தவர்.

"நாப்பது எம்.பி.ன்னு போர்டு போட்டிருக்கீங்க. அஞ்சுக்கு மேல வரமாட்டேங்குது. அல்லாவுக்குப் பொதுவா சொல்லுங்க, இது ஏமாத்து இல்லையா?"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் போனில் ஒரு கோப்பு இறங்கிக்கொண்டிருந்தது. திரையில் ஐந்துதான்.

"உட்காருங்க பாய். நாங்க சொல்றது பிட்டு, உங்க போன் காட்டுறது பைட்டு. எட்டு பிட்டு சேந்தாதான் ஒரு பைட்டு" என்றேன்.

"அப்ப போர்டுல ஏன் அத எழுதல? அரியலூர்ல என் தங்கச்சி வூட்டு பில்லுல வேற மாதிரி இருக்கு!"

உண்மைதான். அங்கே எங்கள் கிளை பில்லில் Mbps, இங்கே போர்டில் MB. ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுக்க போன் அடித்தாலே எடுக்கத் தயங்கினேன். மாலையில் கணவரிடம், "ரெண்டு ஊருலயும் ஒரே மாதிரி எழுதணும்" என்றேன்.

"எல்லாரும் எம்.பி.ன்னுதான் போடுறான். நாம மட்டும் மாத்துனா, நம்மகிட்ட வேகம் கம்மின்னு பக்கத்து கடைக்குப் போயிடுவாங்க."

"போனா போவட்டும். திருடின்னு பேரு வாங்க என்னால முடியாது."

அவர் ஷட்டரை இழுத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

தமிழில் சுருக்கி எழுதுவதுதான் பெரிய பாடாக இருந்தது. ஆங்கிலத்தில் சின்ன b என்றால் பிட், பெரிய B என்றால் பைட். நம் எழுத்தில் சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை; இரண்டுமே 'பி'தான். எம்.பி.பி.எஸ். என்று எழுதினால் டாக்டர் படிப்பாகிவிடும். கடைசியில் சுருக்கத்தையே விட்டுவிட்டேன். போர்டு, பில், குறுஞ்செய்தி எல்லாவற்றிலும் 'நொடிக்கு 40 மெகாபிட்'. கீழே ஒரு வரி: 'கோப்பு இறங்கும்போது திரையில் இந்த எண்ணில் எட்டில் ஒரு பங்கே தெரியும்.'

கணவர் பயந்தபடியே சிலர் இணைப்பைத் துண்டித்தார்கள். அந்த நாட்களில் எங்களுக்குள் பேச்சே குறைந்துபோனது.

துபாய் கிளம்புமுன் அவர் மறுபடி வந்தார். போர்டை நின்று படித்தார். குழுவில் எதையும் போடவில்லை என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.

"எழுத்து சரியாயிடுச்சுங்க. வேகம் அதேதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இணைப்பை அவர் துண்டிக்கவில்லை.

சில நாள் கழித்து, உள்ளறையில் கணவர் போனில் யாரிடமோ பொறுமையாகச் சொல்வது கேட்டது: "இல்லக்கா, பிட்டு வேற, பைட்டு வேற. அவசரமில்ல, கேளுங்க."