சிவப்புப் பூவுக்கு இரண்டு கேள்விகள்

1. பிரசவத்தில் என் அண்ணிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கடலூர் மருத்துவமனை வராண்டாவில் நின்று அண்ணன், "தாயே, ரெண்டு பேரையும் குடுத்துடு, உன் பேரையே வைக்கிறேன்" என்று குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டான்.

2. தாயும் பெண் குழந்தையும் பிழைத்தார்கள்.

3. எங்கள் குலதெய்வம் ரேணுகாம்பாள். அந்தப் பெயரை முழுதாக வைக்க வேண்டும் என்றான் அண்ணன். ரேணுகா போதும் என்றாள் அண்ணி.

4. பேசித் தீரவில்லை. சிதம்பரம் பக்கத்தில் இருக்கும் கோயிலில் பூக் கட்டிப் பார்ப்பது என்று முடிவானது.

5. சிவப்புப் பூ வந்தது.

6. இரண்டு பேரும் தங்கள் பக்கம்தான் உத்தரவு என்றார்கள்.

கோயிலுக்குப் போகும்போதே காருக்குள் சண்டை. குழந்தை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"என் பேரும் அம்பாள்லதான் முடியுது. பஸ்ஸுல ஏறுனா 'அம்பாள் வர்றா, கற்பூரம் ஏத்துங்கடா'ம்பானுங்க. படிச்சு முடிக்கிறவரைக்கும் அதான். என் பொண்ணுக்கு வேணாம்" என்றாள் அண்ணி.

மகனே தாயின் தலையை வெட்டிய கதை எங்கள் அம்மனுடையது. கருவறையில் தலை மட்டும்தான் இருக்கும். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"தலையத்தான் அன்னிக்கே வெட்டிட்டாங்க. இப்ப நீ பேரையும் வெட்டு."

"ரேணுகாவும் அவ பேருதாங்க."

"நான் கூப்ட்டது அம்பாள. அந்த ரத்தத்த நீ பாக்கல. நான் பாத்தேன்."

"அது என் ரத்தங்க."



பூசாரி வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனி இலையில் மடித்துக் கட்டி அம்மன் முன்னால் போட்டார். "மனசுல கேட்டுக்குங்க. வெள்ளை வந்தா செய்யலாம். சிவப்பு வந்தா வேணாம்." அண்ணனும் அண்ணியும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"பாத்தியா?" இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

பேரைச் சுருக்கலாமா என்று கேட்டிருந்தான் அண்ணன். முழுப் பேரையும் வைக்கணுமா என்று கேட்டிருந்தாள் அண்ணி. இரண்டுக்கும் வேண்டாம் என்றே பதில்.

இன்னொரு தடவை கட்டச் சொன்னான் அண்ணன். பூசாரி மறுத்துவிட்டார். "ஒரு காரியத்துக்கு ஒரு தடவதான். திரும்பக் கேக்கணும்னா ஆடி வரட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "அத்தை, நீ காதுல பேரச் சொல்லும்மா" என்றார்.

எங்கள் வழக்கத்தில் அத்தைதான் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வாள். அன்று காலையிலேயே அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரேணுகான்னே சொல்லிடு. காதுலதான சொல்லப் போற, யாருக்குக் கேக்கப் போவுது?" என்றிருந்தாள். வழியில் பெட்ரோல் பங்கில் அண்ணனும் முழுப் பேருக்காகக் கிட்டத்தட்ட அதையே சொன்னான்.

யாருக்கும் கேட்காது என்பது உண்மைதான். அதனால்தான் எனக்கு வாய் வரவில்லை. நான் ரசாயன ஆலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். எதைச் சோதிக்கிறோம் என்று முதலில் எழுதாமல் வந்த முடிவில் அங்கே நான் கையெழுத்துப் போட்டதில்லை. குழந்தையை அண்ணியிடம் கொடுத்தேன்.

"ரெண்டு பேரும் ஒரே கேள்வியாக் கேளுங்க. அப்புறம் சொல்றேன்."

"ஆபீசரம்மா பேசுறாங்க" என்றான் அண்ணன். "அதுக்குள்ள கொழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

பெயர் வைக்காமலே அன்று திரும்பினோம்.

அண்ணி இப்போது சிதம்பரத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் நானும் கடலூரிலிருந்து போகிறோம். குழந்தை தும்மினால்கூட அவன் என்னைத்தான் பார்க்கிறான். தடுப்பூசி போட்ட அன்று காய்ச்சல் வந்தது. ஊசி போட்டால் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அன்று அண்ணியும் என்னைப் பார்த்தாள். "எனக்கு மட்டும் சாமி பயம் இல்லியா?" என்றாள், நான் எதுவும் கேட்காமலே.

இதற்கு நான் ஒரு வழி சொல்லியிருக்கிறேன். வெள்ளை வந்தால் ரேணுகா, சிவப்பு வந்தால் ரேணுகாம்பாள். கட்டுவதற்கு முன்பே பூசாரி காதில் விழும்படி அதைச் சொல்லிவிட வேண்டும். அண்ணி சரி என்றுவிட்டாள். அண்ணன் யோசித்துச் சொல்வதாக இருக்கிறான். ஆடி இன்னும் வரவில்லை. அதுவரை குழந்தையைப் பாப்பா என்றே கூப்பிடுகிறோம்.