பையின் பின்பக்கம்

எங்கள் கருவாட்டுப் பைக்கு முதல் படம் வரைந்தவர் என் கணவர். கணினியில் வரைய அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்று நாள் கதிரையை விட்டு எழும்பாமல் ஒரு மீனை வரைந்தார். அதற்கு இமைமயிர் இருந்தது, சிரிக்கவும் செய்தது. மேலே ஒரு சூரியன், அதுவும் சிரித்தது. மூன்று மொழிகளிலும் எழுத்து, ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு நிறம். மதுரங்குளியில் அச்சடித்துக் கொண்டுவந்த அன்று, பைக்குள் கருவாட்டைப் போட விடாமல் மேசையில் நிறுத்திவைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறிஞ்சிப்பிட்டிக்கு அருகில் எங்கள் இடம். கரையில் மீன் வாங்கி, வெட்டி, கழுவி, உப்பிட்டு, பொலித்தீன் கூடாரத்துக்குள் காயவைத்துப் பைகளில் அடைப்பது எங்கள் தொழில். தலவில தேவாலயத் திருவிழாவுக்கு வந்துபோகிறவர்கள்தான் முதலில் வாங்கினார்கள். அவர்கள் சொல்லி மற்றவர்கள் தேடிவந்தார்கள். சிரிக்கும் மீனைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

பிறகு கொழும்பில் ஒரு பெரிய கடையில் எங்கள் கருவாட்டைக் கேட்டார்கள். கொள்முதல் செய்யும் அம்மணி ருசி பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கருவாடு அருமை. ஆனா இந்தப் பை, பள்ளிக்கூடப் பிள்ளையோட சித்திரக் கொப்பி மாதிரி இருக்கு" என்றார். அதை நான் வீட்டில் அப்படியே சொல்லவில்லை. "பையை மாத்தினா எடுப்பாங்களாம்" என்று மட்டும் சொன்னேன். என் கணவருக்கு விளங்கிவிட்டது. அன்று பின்னேரம் தேத்தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

கொழும்பில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தோம். கொடுத்தோம் என்ன, நான்தான் கொடுத்தேன். "உனக்குச் சரிண்டா செய்" என்றார் அவர். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் அவர்கள் ஒரு கேள்விப் பத்திரம் அனுப்பினார்கள். உங்கள் தொழிலைப் பற்றி மூன்று சொற்களில் சொல்லுங்கள். உங்கள் தயாரிப்பு ஒரு மனிதராக இருந்தால் எப்படிப்பட்டவராக இருப்பார்? நான் வாசிக்க, அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்டார்.

"கருவாடு ஒரு ஆளா இருந்தா, யாரு அதுக்குப் பக்கத்துல இருக்கிற?" என்றார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் சிரிக்காமல் வெளியே போய்விட்டார். மிச்சத்தை நானே நிரப்பினேன். கடைசிக் கேள்வி, உங்கள் தொழிலுக்குப் பின்னால் உள்ள கதை என்ன என்பது.

நான் இந்த ஊர்க்காரி. அவர் தொண்ணூறில், வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஒன்பது வயதில், மன்னாரிலிருந்து படகில் வந்து இந்தக் கரையில் இறங்கியவர். அவருடைய வாப்பா அங்கே நல்ல நிலையில் இருந்தவர்; இங்கே வந்து கூலிக்கு மீன் வெட்டினார். அதையெல்லாம் நான் சிங்களத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். நன்றாக எழுதிவிட்டேன் என்று ஒரு பெருமை இருந்தது. அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்று கிழமை கழித்துப் புதிய பையின் படம் தொலைபேசியில் வந்தது. கடும் நீலம். ஒரே கோட்டில் வரைந்த மீன். அவர் வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பிறகு பின்பக்கத்தை விரலால் பெரிதாக்கி வாசித்தார். எல்லாவற்றையும் இழந்து, உடுத்த துணியோடு படகேறிய ஒரு சிறுவனின் உழைப்பு இது என்று அங்கே இருந்தது.

தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூடாரத்துக்குள் போனார். நான் பின்னால் போனபோது, காலையில் ஏற்கெனவே பிரட்டிப் போட்ட மீனை மறுபடியும் பிரட்டிக்கொண்டிருந்தார்.

"நீதான் எழுதினியா?"

"ஓம்."

"என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்லயே."

அவர் அடுத்த மீனைப் பிரட்டினார்.

"வாப்பா மௌத்தாகும் வரைக்கும் அதப் பத்தி எங்களோட கதைச்சதில்ல. உம்மா இண்டைக்கும் அந்தக் கதை வந்தா எழும்பிப் போயிருவா. கருவாடு வாங்கிற மனிசன் பைய வெட்டிக் கருவாட எடுத்துட்டு, பையக் குப்பையில போடப் போறான். எங்கட உம்மாவையும் சேத்து அதுல போடுறதா?"

நானும் குனிந்து மறு வரிசை மீனைப் பிரட்டினேன். இருவரும் அந்தத் தட்டு முழுவதையும் பிரட்டி முடித்தோம். இதை இப்போது எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "படகுல வந்து இறங்கினதையும் வாப்பா மீன் வெட்டினதையும் எழுது. அதுக்கு மேல வேணாம்" என்றார். அதனால் அதற்கு மேல் இங்கே இல்லை.

மறுநாள் வடிவமைத்த பெண்ணுக்கு அழைத்தேன். முப்பது வயது இருக்கும் சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் விளங்கும், பேச வராது; சிங்களத்தில்தான் பேசினோம்.

"அக்கே, எங்க எல்லாருக்கும் பிடிச்சதே அந்த வரிதான். வாசிச்சிட்டு எங்கட பொஸ் அழுதார்" என்றாள்.

"அவர் அழட்டும் தங்கச்சி. பையில வேணாம்" என்றேன். பிறகு நான் செய்த பிழையைச் சொன்னேன். "நான் ஒருக்கா அங்க வாறன்" என்றாள்.

அடுத்த கிழமை பாலாவியில் பஸ் மாறி, குடையும் ஒரு கொப்பியுமாக வந்து இறங்கினாள். என் கணவரை, அண்ணா என்பதற்குச் சிங்களத்தில் சொல்வது போல, "அய்யே" என்று கூப்பிட்டாள். அவர் மரியாதைக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கத்தியைத் தீட்டத் தொடங்கினார். அவள் மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "நானும் ஒண்டு வெட்டிப் பாக்கட்டா?" என்று கேட்டாள். ஒரு கட்டா மீனை எடுத்து அவள் பிளந்த மாதிரியை இவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கத்தியை வாங்கினார்.

அதன் பிறகு பகல் சாப்பாடு வரை அவர் வாய் மூடவில்லை. முதுகுப் பக்கமாகப் பிளக்க வேண்டிய மீன் எது, வயிற்றுப் பக்கமாக எது, மழைக் காலத்தில் எத்தனை நாள் கூடும் என்று சிங்களத்தில் பொழிந்தார். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"நேத்து வந்த மீனுக்கு உப்புக் கூடப் போட்டு மறைக்கலாம். அண்டண்டு வந்த மீனுக்குத் தேவையில்ல. ஆனா எந்தப் பையிலயும் மீன் வந்த நாளப் போடுறதில்ல" என்றார்.

"அப்ப அதையே போடுவம், அய்யே."

கருவாடும் கத்தரிக்காயும் போட்ட கறியோடு சோறு சாப்பிட்டுவிட்டுப் போனாள். பின்பக்கம் மாறியது. மீன் கரைக்கு வந்த நாள், காயப் போட்ட நாள், எடுத்த நாள், உப்பின் அளவு. நாட்களைக் கையால் எழுத மூன்று வெற்றுக் கோடுகள். அவ்வளவுதான்.

அச்சுக்குப் போகுமுன் கடைசிப் பிரதி வந்தது. அவர்தான் முதலில் வாசித்தார். வாசித்துவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. எத்தனையோ நாளாக நான் கேட்காத சிரிப்பு. 'சுத்தமான கருவாடு' என்பதற்குப் பதிலாகக் கொட்டை எழுத்தில் 'சத்தமான கருவாடு' என்று இருந்தது.

உடனே அவளுக்கு அழைத்து, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, "நங்கி, எங்கட கருவாடு கத்துதாம்" என்றார். அவளுக்கு அதை விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் பிடித்தது. அங்கே யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது, எழுத்தின் உருவத்தைப் பார்த்துத்தான் ஒட்டுகிறோம் என்று அவள் வெட்கத்தோடு ஒத்துக்கொண்டாள். அவர் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்து இன்னும் நான்கு பிழை பிடித்தார்.

பைகள் கடைக்குப் போன பிறகு ஒருநாள் கொழும்புக்குப் போய்ப் பார்த்தோம். எங்கள் பை இருந்த தட்டுக்கு எதிரே நின்று, விசுக்கோத்துப் பெட்டிகளை வாசிப்பது போல அவர் பாவனை பண்ணிக்கொண்டிருந்தார். ஒரு பெண் வந்து பையை எடுத்தாள். திருப்பி, அவர் கையால் எழுதியிருந்த நாட்களை வாசித்தாள். வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்து அதன் நாட்களோடு ஒப்பிட்டாள். பிறகு இரண்டாவதைக் கூடையில் போட்டாள். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கடைக்குள் சிரிக்க வெட்கமாம்.

இப்போது அந்த நிறுவனத்தில் எந்தத் தமிழ் வேலை வந்தாலும் முதலில் இவருடைய தொலைபேசிக்குத்தான் வருகிறது. போன கிழமை கூடாரத்து நிழலில் தேத்தண்ணீரோடு இருந்தபோது, ஒரு கூந்தல் எண்ணெய்ப் போத்தலின் ஒட்டுத்தாள் வந்தது.

"இஞ்ச பாரு" என்று என்னிடம் நீட்டினார். 'முடி வளரும்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மடி வளரும்' என்று இருந்தது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகவும் மரியாதையான சிங்களத்தில் குரல் பதிவு ஒன்று அனுப்பினார்: "நங்கி, இது ஆளுக்குப் பூசிற எண்ணெயா, மாட்டுக்குப் பூசிற எண்ணெயா எண்டு கேட்டுச் சொல்லுங்க. மாட்டுக்கெண்டா, எழுத்துச் சரி."