அக்கா தேர்ந்தெடுத்த அழுக்குப் புத்தகம்

என் அக்கா டாக்டராகிவிடுவாள் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டே பேருக்குத்தான் சந்தேகம் இல்லாமல் இருந்தது. ஒருத்தி அக்கா. இன்னொருத்தி நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அக்கா கோணி ஊசியால் மூட்டை தைக்கிற அழகைப் பார்த்தே நான் அந்த முடிவுக்கு வந்திருந்தேன்.

ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் வீடு. தாத்தா காலம் வரைக்கும் செம்பரம்பாக்கத்துப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் பதினோராவது முடித்து, கல்லூரியில் பி.யூ.சி. வரைக்கும் போன முதல் ஆள் அக்காதான். அந்த நாளில் பி.யூ.சி. மார்க்கை வைத்துத்தான் மருத்துவக் கல்லூரியில் இடம் கொடுப்பார்கள். அக்காவுக்கு மார்க் கொஞ்சம் குறைந்து போயிற்று. வெளியூர்க் கல்லூரி ஒன்று தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது என்று அவளுடைய டீச்சர் சொல்ல, அதற்கு விண்ணப்பம் போட்டிருந்தாள்.

இதற்கிடையே கோவில்பதாகை அத்தை இருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். தன் மகனுக்கு அக்காதான் என்று அக்கா பிறந்த அன்றே சொல்லி வைத்தவள். ஒரே ஒரு தடவை இந்தப் பரீட்சையை எழுதட்டும், கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று பேச்சாயிற்று. அக்கா “சரி” என்றாள். ஆவணி என்று ஒரு மாதமே கிடையாது என்பது போலச் சொன்னாள்.

பரீட்சைக்கு நாற்பது நாள் இருந்தது. என்ன படிப்பது என்பதுதான் பிரச்சினை. ஒரு கேள்விக்கு நாலு விடை கொடுத்து ஒன்றைக் குறிக்கச் சொல்வார்களாம். அப்படி ஒரு கேள்வித்தாளை எங்கள் தெருவில் யாரும் கண்டதில்லை. கண்டதில்லை என்பதற்காக யாரும் யோசனை சொல்லாமல் இருக்கவும் இல்லை.

எல்லாருக்கும் முந்திக்கொண்டவர் மாமா. அம்மாவுக்குத் தம்பி. கரையான்சாவடியில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் கேரியரில் செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். டாக்டர் வீட்டு அலமாரியில் இருந்ததாம். திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் மண்டையோடும் குடலும், சிவப்பிலும் நீலத்திலும். தெருவே வந்து எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள்.

“டாக்டருக்குப் படிக்கணும்னா டாக்டருங்க படிக்கிற புக்கைப் படிக்கணும். நாப்பது நாள்ல இத்த முடிச்சுடு கண்ணு, அப்பால எவன் ஒன்ன தடுக்கறான் பாப்போம்” என்றார் மாமா.

அக்கா புத்தகத்தை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினாள். நாலு பக்கம் புரட்டினாள். மூடித் திரும்ப அவரிடமே நீட்டினாள்.

“மாமா, இது உள்ள போனப்புறம் படிக்கிறது. நான் இப்ப உள்ள போறதுக்குப் படிக்கணும்.”

மாமாவின் முகம் சுண்டிவிட்டது. அம்மா அக்காவை முறைத்தாள். மாமா ஒரு டம்ளர் மோரைக் குடித்து முடித்தார். பிறகு, “சரிதான். நீ உள்ள போ. நான் இத்த அப்பால கொண்டாறேன்” என்று மறுபடி கேரியரில் கட்டத் தொடங்கினார். அந்தக் குடல் படம் போகிறதே என்று நான்தான் அழுதேன்.

மறுநாள் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு மூர் மார்க்கெட்டுக்கு ரயில் ஏறினாள். அங்கே பழைய புத்தகக் கடைகளில் அவள் புத்தகம் பார்த்த விதம் விசித்திரமாக இருந்தது. முதல் பக்கத்தைத் திறக்கவே மாட்டாள். ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கங்களுக்குப் போய், அங்கே கேள்வி இருக்கிறதா, விடை இருக்கிறதா என்று பார்ப்பாள். இல்லையென்றால் வைத்துவிடுவாள். ஐந்தாறு கடை ஏறி இறங்கிய பிறகு ஒரு கடைக்காரர் ஒரே வேதியியல் புத்தகத்தில் இரண்டு பிரதி எடுத்துப் போட்டார். ஒன்று புத்தம் புதுசு மாதிரி இருந்தது. மற்றது அட்டை கிழிந்து, உள்ளே பக்கம் பக்கமாய் யாரோ பென்சிலால் கிறுக்கித் தள்ளியிருந்தார்கள்.

அக்கா கிழிந்ததை எடுத்தாள்.

“இன்னா கண்ணு, நல்லத வுட்டுட்டு நொந்தத எடுக்கற? ரெண்டும் ஒரே ரேட்டுதான்” என்றார் கடைக்காரர்.

“எனக்கு இதான் வோணும்ணா.”

ரயிலில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா புத்தகத்தைப் பிரித்து என் மடியில் வைத்தாள். “இங்க பாரு. இத்தப் படிச்சவன் போட்டுக்கீறான், தப்பு. அடிச்சிட்டுத் திருப்பிப் போட்டுக்கீறான், அதுவும் தப்பு. மூணாவதுதான் சரி. அவன் எங்கெங்க தடுக்கினான்னு எல்லாம் இதுல கீது. நானும் அங்கதான் தடுக்குவேன்.” எனக்கு ஒன்றும் ஏறவில்லை. புத்தகத்தில் கிறுக்கினால் எங்கள் பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைப்பார்கள். எனக்குத் தெரிந்த நீதி அவ்வளவுதான்.

அக்கா முதல் வாரம் இயற்பியலை எடுத்துக்கொண்டாள். வேதியியல் சும்மா கிடந்தது. டாக்டராகப் போகிற அக்கா இப்படி ஓர் அழுக்குப் புத்தகத்தை வைத்துக்கொள்வது எனக்குப் பொறுக்கவில்லை. என் ரப்பரை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தேன். மூன்று நாள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதே வேலை. ரப்பர் தேய்ந்து பட்டாணி அளவாயிற்று. பாதிப் புத்தகம் பளிச்சென்று ஆனதும் நானே கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினேன். பாராட்டுக்குத் தயாராக நின்றேன்.

அக்கா புரட்டினாள். இன்னும் புரட்டினாள். அவள் கை ஒரு பக்கத்தில் நின்றுவிட்டது. விஷயம் புரிந்ததும் அம்மா துடைப்பத்தோடு வந்தாள்.

“வுடும்மா” என்றாள் அக்கா.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனாள். பக்கங்களைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பென்சில் அழுந்திய தடம் அங்கங்கே தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. நெடுநேரம் அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். என்னைத் திட்டியிருந்தால் நான் ஒரு பாட்டம் அழுதுவிட்டு விளையாடப் போயிருப்பேன். அவள் திட்டவே இல்லை என்பதால் நகர முடியாமல் நின்றேன்.

திரும்பி வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. “அவன் போட்டான், நான் போடமாட்டனா? ஒக்காரு இங்க” என்றாள். விடைகள் இருந்த கடைசிப் பக்கங்களைத் தனியாகக் கிழித்து என் கையில் கொடுத்தாள். “நான் கேள்வி நெம்பரும் என் விடையும் சொல்லுவேன். சரின்னா சரின்னு சொல்லு, தப்புன்னா தப்புன்னு சொல்லு. அதுல கீற விடைய மட்டும் சொல்லாத.”

அன்றிலிருந்து நான் வாத்தியாரம்மா. ஒரு வார்த்தையும் புரியாமல், எண்ணையும் எழுத்தையும் மட்டும் ஒத்துப் பார்த்துச் சொல்வேன். முதல் நாள் முழுக்கத் தப்பு, தப்பு என்று சொன்னதில் எனக்கு அலாதி சந்தோஷம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போடுவாள். நாள் ஆக ஆக எனக்கு “தப்பு” சொல்லும் வாய்ப்புக் குறைந்துகொண்டே வந்தது. கடைசி வாரத்தில் வேண்டுமென்றே ஒரு தடவை “தப்பு” என்றேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இல்ல. சரியா பாரு” என்றாள். பார்த்தேன். சரிதான்.

பரீட்சை பட்டணத்தில் நடந்தது. அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு போனார். சாயங்காலம் திரும்பியதும் அம்மா வாசலிலேயே மறித்து, “எப்டிம்மா எழுதின?” என்று கேட்டாள். “வந்துடும்மா” என்று சொல்லிவிட்டு அக்கா சோறு போட்டுக்கொள்ளப் போனாள். வந்தும் விட்டது. நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள், போய் வந்தாள். ஆடி முடிவதற்குள் இடம் கிடைத்த கடிதமும் வந்தது. மாமா கரையான்சாவடியிலிருந்து மணியடித்துக்கொண்டே சைக்கிளில் வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோவில்பதாகைக்குக் கிளம்பினார். நானும் தொற்றிக்கொண்டேன். அத்தை எனக்கு அதிரசம் எடுத்துக் கொடுத்தாள். அப்பா உட்காரவில்லை.

“யக்கா, பொண்ணு படிக்கப் போவுது. கல்யாணம் வாணாம்” என்றார்.

“இப்ப வாணாம்னு சொல்லு. அஞ்சாறு வருசம்தானே, அப்பால பாத்துக்கலாம்.”

“இல்லக்கா. அவ சொன்னா உண்டு. நான் வாக்குக் குடுக்க முடியாது.”

“எம் புள்ளைக்கு இன்னாடா கொறச்சல்?”

“ஒரு கொறச்சலும் இல்ல. அவன் தங்கமான புள்ள. நம்ம சனத்துல ஒரு பொண்ணு தன் இஷ்டத்துக்குப் போயி நிக்கட்டும்க்கா. நான் பாக்கணும்.”

அத்தை எழுந்து உள்ளே போனாள். நாங்கள் கிளம்புகிறவரைக்கும் வெளியே வரவில்லை.

அப்பா தன் அக்காவின் பேச்சைத் தட்டி நான் பார்த்ததே இல்லை. வீட்டில் உரக்கக்கூடப் பேசாதவர். அன்று ரோட்டில் அவர் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது. எனக்கோ வேறு கவலை. அக்கா கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப் பாவாடை என்று அத்தை சொல்லியிருந்தாள். மாம்பழக் கலரில், அரக்கு பார்டர்.

பாதி வழியில் அப்பா சட்டென்று நின்றார். என்னை அப்போதுதான் பார்த்தவர் போலப் பார்த்தார்.

“நீ எத்தினியாவது படிக்கற?”

“நாலாவது நைனா.”

கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“நீயும் பதினொண்ணு முடிச்சி பி.யூ.சி. போவ இன்னும் ஏழு வருசம் கீது” என்றார்.

ஒரு பட்டுப் பாவாடைக்கு ஏழு வருஷமா காத்திருப்பது என்று, ஆவடி வந்து சேர்கிறவரைக்கும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே வந்தேன்.